நீரிழிவு நோயாளரின் பரஸ்பர உதவி

நீரிழிவு உடையவர் மருத்துவரின் முன் இருக்கும் நேரம் மிகச் சிறிது. எஞ்சிய நாட்களில் உணவு, உழைப்பு, மருந்து ஆகிய மூன்றையும் அவரே சீர்தூக்கி நடக்க வேண்டும். இதில் அதே நோயுடன் வாழும் பிறரின் அனுபவம் பெருந்துணையாகும்.

இது புதிய கருத்தன்று. பிரிட்டனில் 1934-ஆம் ஆண்டில் நீரிழிவுச் சங்கத்தைத் தோற்றுவித்த டாக்டர் ஆர். டி. லாரன்ஸ், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆகிய இருவருமே நீரிழிவு உடையவர்கள். 1923-இல் இன்சுலின் கிடைத்ததால் உயிர் பிழைத்தவர் லாரன்ஸ். அத்தகைய சங்கங்கள் செய்துவந்த பணியில் ஒரு பகுதியை இன்று கைபேசி வழியே கூடும் குழுக்கள் செய்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடி என மதிப்பிட்டது. ஆதலின் இக்குழுக்களின் பயனையும் எல்லையையும் கள ஊழியரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

நோயாளர் ஒருவருக்கொருவர் கற்பிக்கத் தக்கவை பல: ஊசி போடும் இடத்தை மாற்றி வருதல்; பாதங்களை நாள்தோறும் பார்வையிடுதல்; பயணத்தில் இன்சுலினை வெப்பத்திலிருந்து காத்தல்; 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால், 15 கிராம் சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் சோதித்தல்.

கற்பிக்கத் தகாதது மருந்தின் அளவு. ஒருவருக்கு ஏற்ற அளவு மற்றொருவரை மயக்கத்தில் ஆழ்த்தலாம். முதல் வகை நீரிழிவு உடைய சிறுவருக்குக் கஷாயமே போதும் என்னும் சொல்லை நம்பி இன்சுலினை நிறுத்தினால், இரத்தம் அமிலத்தன்மை அடைந்து, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும்.

எனவே, குழுவில் சேர விரும்புவோரைத் தடுக்க வேண்டா. அன்றாடம் வாழும் முறையைக் குழுவினரிடம் கேட்கலாம். மருந்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரிடமே கேட்க வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்த்துவதே நமது பணியாகும்.