ஜப்பானியத் திரைப்படமும் உலகப் பரிசுகளும்

சிறந்த படைப்புக்குப் பரிசு தானே வந்து சேரும் என்றும், பரிசு பெறாதது சிறப்பில்லாதது என்றும் எண்ணுவது நம்மில் பலருக்கு இயல்பு. இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஜப்பானியத் திரைப்பட வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1950-ஆம் ஆண்டில் அகிரா குரோசாவா என்னும் இயக்குநர் 'ராஷோமோன்' என்ற படத்தை எடுத்தார். காட்டில் ஒரு வீரன் மாண்டு கிடக்கிறான். கள்வனும், வீரனின் மனைவியும், ஆவியாய் வந்து பேசும் அவ்வீரனும், மறைந்திருந்து கண்ட விறகுவெட்டியும் நிகழ்ந்ததை நால்வேறு விதமாகக் கூறுகின்றனர். மெய் இன்னதென்று முடித்துக் கூறாத இப்படம், அதனைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவருக்கே உவப்பாயில்லை. தோக்கியோவில் இத்தாலிய மொழி கற்பித்துவந்த ஜூலியானா ஸ்திராமிஜோலி என்னும் அம்மையாரே இதன் அருமையை உணர்ந்து, வெனிஸ் நகரத்துத் திரைப்பட விழாவிற்குப் பரிந்துரைத்தார். 1951-இல் அங்கு 'தங்கச் சிங்கம்' என்னும் முதற்பரிசு இதற்குக் கிடைத்தது. போரில் தோற்ற ஜப்பான் அன்று அந்நியப் படையின் மேற்பார்வையில் இருந்தது. அனுப்பப்பட்ட செய்தியையே குரோசாவா அறியார். மறு ஆண்டு அமெரிக்கத் திரைப்படக் கழகமும் இப்படத்திற்குச் சிறப்பு விருது வழங்கிற்று.

கதவு திறந்தது. மிசோகுச்சியின் 'உகெட்சு' 1953-இலும், 'சான்ஷோ' 1954-இலும் வெனிஸில் வெள்ளிச் சிங்கம் பெற்றன. கினுகாசாவின் 'நரக வாயில்' 1954-இல் பிரான்சு தேசத்துக் கான் விழாவில் தலைப்பரிசு பெற்றது. இவை யாவும் உயர்ந்த படங்களே. எனினும் இவற்றிடையே ஓர் ஒற்றுமையை நாம் கவனித்தல் வேண்டும். இவையனைத்தும் பழங்காலக் கதைகள்; பட்டாடையும் வாளும் நிறைந்தவை. மேனாட்டார் காண விரும்பிய ஜப்பான் அதுவே போலும். நிகழ்கால ஜப்பானைக் காட்டும் படத்திற்கு இப்பரிசு கிடைத்திருப்பின் மேலும் பொருளுடையதாயிருக்கும் என்று குரோசாவாவே பின்னர்க் கருதினார்.

அத்தகைய படம் ஒன்று 1953-இலேயே தோன்றியிருந்தது. அது யசுஜிரோ ஓசுவின் 'தோக்கியோ கதை'. ஓனோமிச்சி என்னும் ஊரிலிருந்து முதிய பெற்றோர் மக்களைக் காண வருகின்றனர். மக்களுக்கோ ஓய்வில்லை, பெற்றோரை வெந்நீரூற்று விடுதி ஒன்றிற்கு அனுப்பிவிடுகின்றனர். போரில் மறைந்த மகனின் மனைவியே அன்புடன் அவர்களைப் பேணுகிறாள். கதை இவ்வளவே. பாயில் அமர்ந்திருப்பவர் கண்ணளவில் காமிராவைத் தாழ வைத்து, இதனை ஆரவாரமின்றிக் காட்டினார் ஓசு. ஓசுவின் படங்கள் பிற நாட்டாருக்கு விளங்கா என்று கருதிய படத்தொழிலினர், அவற்றை வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பத் தயங்கினர். 1958-இல்தான் இலண்டனில் இப்படத்திற்குச் சதர்லாந்து விருது கிடைத்தது. ஓசு 1963-இல் காலமானார். 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகை பல நாட்டு இயக்குநர்களிடம் வாக்குக் கேட்டபோது, உலகப் படங்கள் எல்லாவற்றுள்ளும் முதலிடம் பெற்றது இதுவே.

பரிசு பயனற்றதென்று நாம் கூறவில்லை. வெனிஸ் விழா இல்லையேல் குரோசாவாவை உலகம் நெடுங்காலம் அறியாதிருந்திருக்கும். ஆயினும் பரிசு வழங்குவோர் தமக்குத் தெரிந்த அளவையே கொண்டு அளப்பர். விளங்காது என்று ஒதுக்கப்பட்ட முதியோர் இருவரின் கதை எல்லா நாட்டாருக்கும் விளங்கிற்று. ஏனெனில் முதுமையும், மக்களின் மறதியும் எந்நாட்டிலும் உள்ளவை. ஆதலின், பரிசுப் பட்டியலை நோக்குமுன் படைப்பை நோக்கும் பழக்கத்தை நாம் மேற்கொள்வோமாக.