ரோத்தே தீவின் நெம்பெராலா: போக, தங்க, நிலம் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தோனேசியாவில் மக்கள் குடியிருக்கும் தீவுகளில் தென்கோடியில் இருப்பது ரோத்தே. அதன் மேற்குக் கரையில் உள்ள மீனவ ஊர் நெம்பெராலா. அலைச்சறுக்குக்காரர்கள் பல ஆண்டுகளாக இங்கே வருகிறார்கள். அவர்கள் பின்னால் விடுதிகள் வந்தன, விடுதிகள் பின்னால் நிலம் தேடுவோர் வந்தார்கள். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரையைக் காட்சியாகத்தான் பார்க்கிறார்கள். ஊராருக்கோ அதுதான் வயல், களம், வழிப்பாதை. இந்த ஒன்று மனதில் இருந்தால் கீழே சொல்லப்போகும் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழையில்லாத பருவம். தென்கிழக்குக் காற்று சீராக வீசும், அலையும் நன்றாக எழும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. நம் கடற்கரையில் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று அப்போது அங்கே ஓங்கி அடிக்கும். கப்பல்கள் நாள்கணக்கில் நின்றுபோகும். 2021 ஏப்ரலில் செரோஜா புயல் குபாங் நகரையும் ரோத்தேயையும் சேர்த்தே அடித்தது. எந்த மாதம் போனாலும் திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வழியைத் திட்டமிடுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வந்திறங்கியதும் 30 நாள் விசா பெறலாம். கட்டணம் 5 லட்சம் ருபியா. மேலும் 30 நாள் ஒருமுறை நீட்டிக்கலாம். பாலி அல்லது ஜகார்த்தாவிலிருந்து திமோர் தீவின் குபாங்குக்கு விமானம். அங்கே தெனாவ் துறைமுகத்திலிருந்து விரைவுக் கப்பலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ரோத்தேயின் தலைநகரான பாஆ வந்துவிடும். வண்டிகளை ஏற்றிச்செல்லும் பெரிய கப்பல் குபாங் பக்கத்துப் போலோக் துறையிலிருந்து ரோத்தேயின் பந்தாய் பாருவுக்குப் போகிறது. அது மெதுவானது, ஆனால் உள்ளூர் மக்களோடு உட்கார்ந்து போகும் பயணம். பாஆவிலிருந்து நெம்பெராலாவுக்குத் தரைவழி, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்.

பாஆவிலேயே ஏடிஎம்மில் பணம் எடுத்துவிடுங்கள். ரோத்தே அடங்கிய கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில் மலேரியா உண்டு. புறப்படும் முன் மருத்துவரைப் பாருங்கள், கொசுவலை கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனைக்குக் குபாங்தான் போகவேண்டும் என்பதால் பயணக் காப்பீடு கட்டாயம்.

படி 3: மனிதர்களை முறையாக அழையுங்கள்

வயதில் மூத்த ஆணை ‘பாபா’ என்றும் பெண்ணை ‘மாமா’ என்றும் அழைப்பது இந்தப் பகுதி வழக்கம். ஆம், இங்கே ‘மாமா’ என்றால் அம்மா. தமிழ்க் காதுக்கு முதலில் குழப்பும், இரண்டு நாளில் பழகிவிடும். ஒருவர் முன்னால் கடந்துபோகும்போது சற்றுக் குனிந்து ‘பெர்மிசி’ சொல்லுங்கள். ரோத்தே மக்களில் பெரும்பான்மையினர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு உரியது, அந்த நேரத்தில் படகு கேட்டுக் கதவைத் தட்டாதீர்கள். நீச்சல் உடை கடலோடு நிற்கட்டும்.

சாப்பாட்டில் சோறும் மீனும் முதன்மை. சோளமும் பயறும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் ‘ஜாகுங் போசே’ கிடைத்தால் விடாதீர்கள். சைவர்கள் தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படி 4: ஏற்ற வற்றத்தைப் படியுங்கள்

வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறைத்திட்டு வரை தரை தெரியும். அந்தத் தரையில் குச்சி நட்டு, கயிறு கட்டி, கயிற்றில் கைப்பிடி கைப்பிடியாகக் கடற்பாசியைக் கோத்திருப்பார்கள். ராமநாதபுரம் கரையில் மூங்கில் மிதவையில் வளர்க்கும் அதே கப்பாபைகஸ் இனம்தான். சுமார் 45 நாளில் அறுவடை. பிறகு கரையில் காயவைத்து வியாபாரியிடம் எடைக்குப் போடுவார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கராஜீனன் என்ற பசைப்பொருள் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

இந்த வேலையில் பெண்களின் கை மிகுதி. வற்றம் அதிகாலையில் வந்தால் அதிகாலையில் இறங்க வேண்டும்; உச்சி வெயிலில் வந்தால் அப்போது. நீர் சூடேறினால் ‘ஐஸ் ஐஸ்’ என்று அவர்கள் சொல்லும் நோய் பிடித்துக் கிளை வெளுத்து உதிர்ந்துவிடும்.

2009 ஆகஸ்ட் 21 அன்று திமோர் கடலில், ஆஸ்திரேலிய எல்லைக்குள் இருந்த மொந்தாரா எண்ணெய்க் கிணறு வெடித்தது. 74 நாள் எண்ணெய் கசிந்தது. ரோத்தேயிலும் சுற்றுப்புறக் கரைகளிலும் பாசி அழிந்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அதையே நம்பியிருந்த குடும்பங்கள் நொறுங்கிப்போயின. ரோத்தேயைச் சேர்ந்த டேனியல் சண்டா என்ற பாசி விவசாயி, 15,000க்கும் மேற்பட்டவர்கள் சார்பில் ஆஸ்திரேலிய மத்திய நீதிமன்றத்தில் வழக்கை முன்னின்று நடத்தினார். 2021இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2022இல் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு அது. கரையில் காயும் பாசியைப் படமெடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள், அனுமதியும் கேளுங்கள்.

நடைமுறைக்கு மூன்று செய்தி. வற்றத்தில் நடக்கும்போது கெட்டியான ரப்பர் காலணி போடுங்கள், முள் நிறைந்த கடல் முள்ளெலிகள் உண்டு. பாசிக் கயிற்றைத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போங்கள். பேரலை உடைவது கரையிலிருந்து தள்ளியிருக்கும் பாறைத்திட்டில். அங்கே படகில்தான் போகவேண்டும், அது புதியவர்களுக்கான இடமில்லை.

படி 5: பனங்காட்டுக்குள் ஒரு காலை

கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் பனை. ‘லொந்தார்’ என்பார்கள். வறண்ட சுண்ணாம்பு மண்ணில் நெல் பொய்த்தபோதெல்லாம் ரோத்தேயைக் காப்பாற்றியது இந்த மரம்தான். ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற மானுடவியலாளர் 1977இல் இதைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவிப் பதநீர் இறக்குகிறார்கள். காய்ச்சிப் பாகாக்கினால் ‘குலா ஆயிர்’. தண்ணீர் கலந்து குடித்தால் அதுவே ஒரு வேளை உணவு. வடித்தால் ‘சோப்பி’ என்ற சாராயம். பனையோலையை மடித்துச் செய்யும் ‘ஹாயிக்’ என்ற கலத்தில் பதநீர் வாங்கிக் குடிக்கும்போது, நம் ஊர் ஓலைப்பட்டை நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. ‘சசாந்தோ’ என்ற நரம்பிசைக் கருவியின் கூடும் பனையோலைதான்.

சுற்றுலாப் பணம் ஊரில் தங்க வேண்டுமானால் இங்கே செலவழியுங்கள்: பாகு வாங்குங்கள், ஓலைத்தொப்பி வாங்குங்கள், ஊர்க் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயில் அறை எடுங்கள், ஊர்ப் படகுக்காரரை அழையுங்கள்.

படி 6: நிலம் வாங்கும் ஆசை வந்தால்

மூன்றாம் நாளே யாராவது ஒரு மனையைக் காட்டுவார்கள். அவசரப்படாதீர்கள்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் நில அடிப்படைச் சட்டப்படி ‘ஹாக் மிலிக்’ எனும் முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே உண்டு. வெளிநாட்டவர் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பினாமியாக வாங்குவது பரவலாக நடக்கிறது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு இத்தகைய ஏற்பாட்டைச் செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. யார் எவ்வளவு உறுதி சொன்னாலும் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

சட்டப்படி உள்ளவை மூன்று. ஒன்று, குத்தகை, பெரும்பாலோருக்கு இதுவே போதும். இரண்டு, ‘ஹாக் பாக்காய்’ எனும் பயன்பாட்டு உரிமை: முதலில் 30 ஆண்டு, 20 ஆண்டு நீட்டிப்பு, பின்னர் 30 ஆண்டு புதுப்பிப்பு. இதற்குக் குடிநுழைவு ஆவணம் வேண்டும். மூன்று, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் பதிந்து ‘ஹாக் குனா பங்குனான்’ எனும் கட்டட உரிமை பெறுவது. முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ருபியாவுக்கு மேல் இருக்க வேண்டும். விடுதி நடத்துவோருக்கே இது பொருந்தும்.

பிறகு ஆவணம். தேசிய நில அலுவலகம் வழங்கிய சான்றிதழ் இருக்கிறதா, அல்லது ஊர்த் தலைவர் எழுதிய கடிதம் மட்டும்தானா? சான்றிதழ் இருந்தாலும் நில அலுவலகத்தில் சரிபாருங்கள். ரோத்தேயில் நிலம் குலத்தோடு பிணைந்தது. ஒரு மகன் கையெழுத்துப் போட, குபாங்கிலோ ஜகார்த்தாவிலோ இருக்கும் அண்ணன் பிறகு வந்து கேட்டால், கேட்பது நியாயம். குடும்பத்தார் அனைவரையும் ஊர்த் தலைவர் முன் உட்காரவைத்துப் பேசுங்கள். உங்கள் தரப்புக்குத் தனியாக நோட்டரி வையுங்கள், விற்பவரின் நோட்டரியே போதும் என்று விடாதீர்கள்.

கடலோரத்தில் கட்ட நினைப்போர் 2016ஆம் ஆண்டின் 51ஆம் எண் அதிபர் ஆணையைப் படியுங்கள். உயர்ந்த ஏற்றக் கோட்டிலிருந்து உள்நோக்கிக் குறைந்தது 100 மீட்டர் கடலோரக் காப்புப் பகுதியாகக் கருதப்படுகிறது. எவ்வளவு என்பதை உள்ளாட்சி கணக்கிட்டு வரையறுக்கும். ‘கடலைத் தொட்ட மனை’ என்று விலை சொல்லும்போது இதை நேராகக் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு பௌர்ணமி வற்றத்தன்று விடியலிலேயே அந்த மனையில் போய் உட்காருங்கள். பாசிக் கூடையோடு எத்தனை மாமாக்கள் அதன் வழியாகக் கடலுக்கு இறங்குகிறார்கள், எந்த மரத்தடியில் படகு இழுத்து வைத்திருக்கிறது, எந்தப் பனைக்கு யார் ஏறுகிறார் என்று பாருங்கள். அந்த நடைபாதையை வரைபடத்தில் குறித்து, அது என்றும் திறந்தே இருக்கும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் நீங்களே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.