விலையைப் பிள்ளையே சொல்லட்டும்

கேள்வி: மாணவர்களிடம் புத்தாக்கச் சிந்தனையையும் சுயதொழில் முனைப்பையும் வளர்க்கச் சொல்கிறார்கள். தோட்ட லயத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்பிப்பது?
— ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: லூல்கந்துர தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரிடம் தொழிற்சாலை இருக்கவில்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டி உலர்த்தினார்கள். கையில் இருந்ததைக் கொண்டு தொடங்கினார்கள்; உருட்டும் இயந்திரம் பிறகுதான் வந்தது. உருட்டிய கைகள் யாருடையவை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்; பதில் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது பாடசாலையில் நடத்தும் சிறுவர் சந்தை. பல இடங்களில் ஆசிரியர் விலை எழுதுவார், பெற்றோர் வாங்குவார்கள், பிள்ளை படத்துக்கு நிற்கும். அது வெறும் விழா. லயத்துப் பின்பக்கத் துண்டில் அம்மா நட்ட லீக்ஸைப் பிள்ளை கொண்டுவரட்டும். விதை, உரம், கொழுந்தெடுத்து வந்த பிறகு அம்மா கொத்திய நேரம் எல்லாவற்றையும் கொப்பியில் கணக்கிட்டு, விலையையும் அதுவே சொல்லட்டும். மிஞ்சிய கட்டுகளை என்ன செய்வது? விலையைக் குறைப்பதா, வதக்கி ரொட்டிக்குள் வைத்து விற்பதா? அங்கேதான் மூளை வேலை செய்யும். நீங்கள் வாய் திறக்காமல் நிற்பதுதான் கஷ்டம்!

ஒன்றை மறைக்க வேண்டாம். காணி உறுதி இல்லாத குடும்பத்துக்கு வங்கிக் கடன் லேசில் கிடைக்காது. முயற்சி இருந்தால் போதும் என்று மேடையில் முழங்குவோர் இதைச் சொல்வதில்லை. மேல் வகுப்புகளுக்குக் கடன் விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்து நிரப்பப் பழக்குங்கள். பிணையாளர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று விவாதம் கிளம்பும். அன்றைக்கு மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்தாதீர்கள்.