மாத்திரையை நிறுத்த வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு சிக்கிள் செல் ரத்தசோகை. சொந்த ஊர் நீலகிரி கூடலூர். எண்ணூர் துறைமுகத்தில் நாள் முழுக்க வெயிலில் வேலை. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிட்டால் தோல் புற்றுநோய் வரும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. இந்தியாவில் இந்த நோய் 1952-இல் முதலில் கண்டறியப்பட்டதே உங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இம்மாத்திரையை நெடுங்காலம் சாப்பிட்ட சிலருக்குத் தோல் புற்றுநோய் வந்தது உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வேறு ரத்த நோய்களுக்காகச் சாப்பிட்ட முதியவர்கள். சிக்கிள் செல் நோயாளிகளிடம் அது மிக அரிது. வலி வேதனையைக் குறைக்கும் மருந்தை நீங்களாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

நகங்களில் கறுப்புக் கோடுகள் விழுவது பெரும்பாலும் மருந்தின் விளைவு. டாக்டரிடம் காட்டினால் போதும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கணுக்கால். சிக்கிள் செல் நோயாளிகளுக்கு அங்கே எளிதில் புண் வரும். இந்த மாத்திரையாலும் வரலாம். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் அபூர்வமாகப் புற்றாக மாறும். விளிம்பு தடித்தாலோ, சதை வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே ஸ்டான்லி மருத்துவமனையில் காட்டி, துளி சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, கணுக்காலை உரசாத ஷூ, கையில் தண்ணீர் பாட்டில் கட்டாயம். உடலில் நீர் வற்றினால் வலி கிளம்பும்; வெயிலில் அவர் முதலில் அஞ்ச வேண்டியது அதற்குத்தான்.