கணினித் துப்புரவு மென்பொருளும் வணிகர் கவனமும்

கடையின் பற்றுவரவு, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் நிலுவை யாவும் இன்று கணினிக்குள் அடங்கியுள்ளன. அது சற்றே மந்தமானாலும் நமக்குக் கவலை பிறக்கிறது. அக்கவலையையே முதலாக வைத்து வியாபாரம் செய்வோரும் உளர். ஆகவே, கணினிப் பராமரிப்பு மென்பொருளில் நம்பத்தக்கது எது, ஏமாற்றுவது எது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

"இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்" என்பதே ஏமாற்றுவோரின் தூண்டில். சோதனை முடிந்ததும் நூற்றுக்கணக்கான கோளாறுகள் சிவப்பு எழுத்தில் தோன்றும். அவற்றைத் தீர்க்கப் பணம் கேட்கப்படும். நோய் உண்டென்று சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒருவரேயானால், அச்சொல்லை எங்ஙனம் நம்புவது?

இது வீண் ஐயமன்று. அமெரிக்காவில் ஆபிஸ் டிப்போ கடைகளில், கணினி மெதுவாக இயங்குகிறதா என்பன போன்ற 4 கேள்விகள் வாடிக்கையாளரிடம் கேட்கப்பட்டன. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே, கணினியில் வைரஸ் போன்ற கேடு இருப்பதற்கு அறிகுறி உண்டென்று முடிவு காட்டப்பட்டது. உண்மைச் சோதனைக்கும் அம்முடிவுக்கும் தொடர்பில்லை என அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2019-இல் அந்நிறுவனமும், மென்பொருள் வழங்கிய சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டாலர் செலுத்த இணங்கின. இத்தகைய குற்றச்சாட்டின் பேரில், 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் நிறுவனங்கள் 2 கோடியே 60 இலட்சம் டாலர் செலுத்த இணங்கின.

நற்பெயர் பெற்ற சரக்கிலும் கலப்படம் நேர்வதுண்டு. 2017-இல் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33-ஆம் பதிப்பில், தயாரித்தவரே அறியாமல், திருடர்கள் தம் நிரலைப் புகுத்திவிட்டனர். 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அப்பதிப்பு இறங்கியது. எனவே, தேவையற்ற மென்பொருளைச் சேர்க்காதிருப்பதே முதற்காப்பு.

நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகள் இவை:

1. கணினியுடன் வந்ததை முதலில் பயன்படுத்துக. விண்டோஸில் வைரஸ் தடுப்பும், வேண்டாத கோப்புகளை நீக்கும் வசதியும் உடனிருக்கின்றன.

2. 'ரெஜிஸ்ட்ரி' துப்புரவு செய்வதாகக் கூறும் மென்பொருளை ஒதுக்குக. அவற்றை மைக்ரோசாப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை.

3. திரையில் திடீரென எழும் எச்சரிக்கையை நம்பி எதையும் இறக்காதீர்; அதில் கண்ட தொலைபேசி எண்ணையும் அழைக்காதீர்.

4. ஒரு மென்பொருள் தேவையே எனில், தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பெறுக. நிறுவுகையில் ஒவ்வொரு திரையையும் படித்து, கூடவே ஒட்டிவரும் பிற மென்பொருள்களை விலக்குக.

5. கணக்குகளின் நகலை வேறொரு வட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியே வைத்திடுக.

ஐந்தாவது முறையை எக்காரணத்தாலும் தள்ளிப்போடலாகாது. கணினி பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். நகலில்லாத பேரேடு அழிந்தால், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை எக்கடையிலும் வாங்க இயலாது.

மூட்டையைப் பிரித்து, எடை பார்த்துச் சரக்கெடுப்பது நம் வழக்கம். கணினிக்குள் வரும் சரக்கிற்கும் அவ்வழக்கத்தையே கடைப்பிடிப்போமாக.