விசையும் எழுத்தும்

ஒரு கருவி பழுதுற்றது என்று துணிவதற்கு முன்னர், அது தன் தொழிலைச் செய்யாதொழிந்ததா, அன்றி நாம் அதற்கு இட்ட ஏவல் மாறியதா என்று ஆராய்தல் கற்றார்க்குரிய கடன். இவ்வாராய்ச்சியின்றிப் பொருளையும் காலத்தையும் இழப்பார் பலர். மடிக்கணினியின் இயங்குதளத்தை மாற்றிய பின்னர் விசைப்பலகையும் தொடுபலகையும் படுத்தும் பாட்டினை எடுத்துக்கொண்டு, இவ்வுண்மையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சின்னாட்களுக்கு முன்னர், திருவொற்றியூரினின்று நாடோறும் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் முகம் வாடி எம்மிடம் வந்தார். அவர் கையிலிருந்த மடிக்கணினி, அவர் தமையனார் அரசினர் மேனிலைப் பள்ளியிற் பயின்ற காலத்து இலவசமாகப் பெற்றது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அதனை ஆக்கியோர் அளித்து வந்த பொதுவான காப்புதவி 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. புதிய விண்டோஸ் 11ஐத் தாங்கும் ஆற்றல் அப்பழைய கணினிக்கு இல்லை. ஆதலின், நண்பர் ஒருவர் துணைகொண்டு அதில் லினக்ஸ் தளத்தை நிறுவினார். மறுநாள், உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்பும் பொருட்டுத் தம் எண்ணையும் கடவுச்சொல்லையும் இட்டார். கடவுச்சொல் பிழை என்று மறுமொழி வந்தது. மும்முறை இட்டார், மும்முறையும் அதுவே. விண்ணப்பத்திற்கோ அன்று மாலையே இறுதி. பழுதுபார்க்கும் கடையொன்றில் காட்டியபோது, "கடற்காற்றில் விசைப்பலகை அரித்துவிட்டது, மாற்றவேண்டும்" என்றனராம். துறைமுகத்திற் கூலிவேலை செய்யும் தந்தையாரிடம் அதற்குப் பணம் கேட்க நாணியே அவர் எம்மிடம் வந்தார்.

அக்கணினியில் யாது குறை என்பதைப் பின்னர்க் கூறுவாம். அதனை அறிதற்கு முதலில் விசை என்பது யாது என்று தெளிதல் வேண்டும்.

விசை எழுத்தன்று

விசையின் தலையில் ஓர் எழுத்துப் பொறிக்கப்பட்டிருத்தலின், அதனை அழுத்தினால் அவ்வெழுத்தே கணினியினுள் செல்கின்றது என்று நாம் எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. உள்ளே செல்வது ஓர் எண் மட்டுமே. 'ஏ' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த விசைக்கு யூஎஸ்பி முறையில் எண் 4. லினக்ஸின் கருவினுள் அதற்கு எண் 30. அவ்வெண் விசை இருக்கும் இடத்தைக் குறிக்குமேயன்றி எழுத்தைக் குறிப்பதில்லை. பிரெஞ்சுக்காரர் பலகையில் அவ்விடத்தில் 'க்யூ' என்னும் எழுத்துப் பொறித்திருக்கும், எண்ணோ அதுவே.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாகச் செல்லும் கொள்கலன் வண்டிகளை நம் மாணவர் அறிவர். கொள்கலத்தின் மேல் ஓர் எண் உண்டு. உள்ளே இருப்பது தோலா, நூலா, இயந்திர உறுப்பா என்பதை அவ்வெண் கூறாது. துறைமுக அலுவலகத்திலுள்ள சரக்குப் பட்டியலே கூறும். பட்டியல் மாறிப்போயின், கொள்கலம் சிதையாதிருந்தும் சரக்குத் தவறிவிடும். விசையின் எண் கொள்கலத்தின் எண்ணை ஒக்கும். இயங்குதளத்திலுள்ள விசையமைப்புச் சரக்குப் பட்டியலை ஒக்கும்.

ஆறு நிலைகள்

விரல் அழுத்துதற்கும் எழுத்துத் திரையில் தோன்றுதற்கும் இடையே ஆறு நிலைகள் உள. முதலாவது, விசையும் அதன்கீழ்க் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த மின்கோடுகளும். விசையை அழுத்துங்கால் ஒரு சந்தியில் இரு கோடுகள் கூடுகின்றன. இரண்டாவது, அச்சந்தியைக் கண்டு எண்ணாக்கி அனுப்பும் சிறு கட்டுப்படுத்தி. மூன்றாவது, அவ்வெண்ணைப் பெறும் இயங்குதளத்தின் கரு. நான்காவது, எண்ணை எழுத்தாக்கும் விசையமைப்பு. ஐந்தாவது, முன்வந்த எழுத்தை நினைவிற்கொண்டு பின்வருவதனோடு புணர்க்கும் உள்ளீட்டு முறை. தமிழுக்கு இஃது இன்றியமையாதது. ஆறாவது, எழுத்துக்கு உருக்கொடுக்கும் எழுத்துரு.

இயங்குதளத்தை மாற்றுங்கால், முதலிரண்டு நிலைகளும் அவ்வாறே நிற்கின்றன. ஏனைய நான்கும் ஒருங்கே மாறுகின்றன. ஆதலின், நேற்று வரை நன்றாயிருந்த விசைப்பலகை, தளம் மாறிய இன்று பிழைபடின், குறை பெரும்பாலும் பின்னான்கில் உளது என்று கொள்ளுதலே பொருத்தம். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்னும் பழமொழி போல, பட்டியலின் பிழைக்குப் பலகையைப் பழித்தல் தகாது.

ஆங்கில விசையமைப்பில் நேரும் மயக்கம்

இந்தியாவில் விற்கப்படும் மடிக்கணினிகளிற் பெரும்பாலன அமெரிக்க விசையமைப்பு உடையன. லினக்ஸை நிறுவுங்கால், 'ஆங்கிலம்' என்பதன்கீழ்ப் பல நாடுகளின் பெயர்கள் வரும். நாம் பள்ளியிற் பயின்றது பிரித்தானிய ஆங்கிலமாதலின், பலர் அதனையே தெரிகின்றனர். இருபத்தாறு எழுத்துக்களும் பத்து எண்களும் இரண்டிலும் ஒன்றே. ஆதலாற் பிழை உடனே தோன்றாது. மேல்விசையுடன் 2ஐ அழுத்தினால் அமெரிக்க அமைப்பில் '@' வரும்; பிரித்தானிய அமைப்பில் இரட்டை மேற்கோட்குறி வரும். மேல்விசையுடன் 3ஐ அழுத்தினால் முன்னதில் '#', பின்னதில் பவுன் குறியாகிய '£'. கடவுச்சொல்லை இடுங்கால் திரையிற் புள்ளிகளே தோன்றுவதால், குறி மாறியதைக் கண் காணாது. நம் ரூபாய்க்குறியாகிய '₹' 2010இல் ஏற்கப்பட்டது. அதனை வேண்டுவோர்க்கு 'ஆங்கிலம், இந்தியா, ரூபாய்க்குறியுடன்' என்னும் அமைப்பு லினக்ஸில் உண்டு.

வேறு சில மயக்கங்களும் உள. தனி எண்பலகை இல்லாத சிறு கணினிகள் சிலவற்றில் எண்பூட்டு இயங்கினால், 'ஜே, கே, எல்' விசைகள் 1, 2, 3 எனவும், 'யூ, ஐ, ஓ' விசைகள் 4, 5, 6 எனவும் வரும். விண்டோஸில் வலப்பக்க மேல்விசையை எட்டு நொடி அழுத்திக்கொண்டிருப்பின், விசைகளை வடிகட்டும் வசதி எழும். அதன்பின் விசைகள் செத்தன போலத் தோன்றும். இவையெல்லாம் பழுதல்ல, அமைப்பில் அணைத்தால் நீங்கும்.

தமிழ் எழுதுவார்க்கு நேரும் இடர்

தமிழுக்கு இவ்விடர் இன்னும் பெரிது. என்னை? தமிழ்ப் பட்டியல் ஒன்றன்று; பல. யாழ்ப்பாணத்தினராகிய ஆர். முத்தையா முதலியோர் முயற்சியால் தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வந்தது. அதன் வழிவந்த அமைப்பைத் தட்டச்சுப் பயிலகங்களிற் பயின்றோர் இன்றும் பலர். இந்திய அரசினரின் மின்னணுத் துறையார் 1986இல் இன்ஸ்கிரிப்ட் அமைப்பை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 என்னும் அமைப்பு எழுந்தது. அவ்வாண்டே தமிழக அரசினர் அதனை ஏற்றனர். ஆங்கில ஒலிவழி எழுதும் முறைகளும் உள.

இவற்றின் வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 'எச்' விசை தமிழ் 99இல் ககரம், இன்ஸ்கிரிப்டிற் பகரம். 'கே' விசை தமிழ் 99இல் மகரம், இன்ஸ்கிரிப்டிற் ககரம். தமிழ் 99 பயின்ற ஒருவர் 'அம்மா' என்று எழுத ஏ, கே, கே, க்யூ என்னும் நான்கு விசைகளை அழுத்துவர். தளம் மாறியபின் இன்ஸ்கிரிப்ட் அமைந்திருப்பின், அதே விரலசைவு 'ோககௌ' என்னும் பொருளற்ற உருவத்தைத் தரும். விண்டோஸில் வெறுமனே 'தமிழ்' எனப் பெயரிய பழைய விசைப்பலகை இன்ஸ்கிரிப்டே என்பதை அறியாது மயங்கினோர் பலர்.

இனி, மற்றொன்று. தமிழ் 99இல் ஒரு மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். 'ங'வை அடுத்துக் 'க' வரினும் அவ்வாறே. இதற்கு முன்னெழுத்தை நினைவிற்கொள்ளும் உள்ளீட்டு முறை வேண்டும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் வெறும் விசையமைப்பால் இஃது இயலாது. லினக்ஸின் அமைப்புப் பட்டியலில் தமிழ் 99 என்னும் பெயரைக் கண்டு தெரிந்தும் 'அமமா' என்றே வரக் கண்டோர், ஐபஸ் என்னும் உள்ளீட்டுச் சட்டகத்தையும் அதற்குரிய தமிழ் 99 முறையையும் சேர்த்தல் வேண்டும். அப்பட்டியலிலேயே 'டாப்', 'டிஸ்கி' என்னும் பழைய குறியேற்றங்களுக்குரிய தமிழ் 99 வகைகளும் உள; அவற்றைத் தெரிந்தால், யூனிகோடு எழுத்து வாராது.

தட்டச்சுப் பயின்றோர்க்குள்ள இடர் வேறு வகையது. பொறியில் 'கொ' என்பதற்கு முதலிற் கொம்பு, பின்னர்க் ககரம், பின்னர்க் கால் என்று கண்ணுக்குத் தோன்றும் முறையில் அடிப்பர். யூனிகோடோ ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கும். இம்மாற்றத்தைச் செய்யும் தட்டச்சு முறையை நிறுவாது வேறு முறையில் அடித்தால், கொம்பு முன்னுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பல்லாண்டு பயின்ற விரலறிவை ஒரு நாளில் வீணென்று எண்ணி வருந்துவோர், உரிய முறையைச் சேர்த்துக்கொண்டால் அவ்வறிவு அவ்வாறே பயன்படும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிவைத்த கோப்புக்கள் புதிய தளத்தில் ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றுவதும் அழிவன்று. அது ஆறாம் நிலையின் குறை. அவ்வெழுத்துருவை நிறுவியேனும், யூனிகோடாக மாற்றியேனும் மீட்கலாம்.

தொடுபலகை

டச்பேட் எனப்படும் தொடுபலகையும் இவ்வாறே. பலகையைத் தட்டினாற் சொடுக்காதல் சில லினக்ஸ் முகப்புக்களில் அணைந்திருக்கும். உருட்டும் திசை தலைகீழாயிருக்கும். அமைப்பிற் சென்று மாற்றலாம். அறவே அசையாதிருப்பின் மூன்றாம் நிலையாகிய கருவை ஐயுறுக. 1984இல் வெளிவந்த ஐபிஎம் பீசி ஏடி கணினியில் அமைந்த 8042 என்னும் கட்டுப்படுத்தியின் வழக்கையே பல மடிக்கணினிகளின் உள்விசைப்பலகை இன்றும் பின்பற்றுகின்றது. தொடுபலகைகளுள் பழையன அவ்வழியும், புதியன பல வேறு வழியும் செல்கின்றன. கருவைப் புதுப்பித்தால் அறியப்படாதது அறியப்படுதல் உண்டு. இரு தளங்களும் ஒருங்கேயுள்ள கணினியில், விண்டோஸின் விரைவுத்தொடக்கம் கணினியை முற்றும் அணைக்காது விடுவதாலும் இக்குறை நேரும். அதனை நீக்கி, முழுதும் அணைத்துப் பின் தொடங்குக.

சோதிக்கும் முறை

இனி, குறை எந்நிலையில் உளது என்று காணும் வழியைத் தொகுத்துக் கூறுவாம்.

1. கணினி தொடங்குங்கால், இயங்குதளம் எழுமுன் தோன்றும் பயோஸ் திரையில் விசைகளை அழுத்திப் பார்க்க. ஆங்கும் ஒரு விசை இயங்காதாயின் குறை முதலிரண்டு நிலைகளில் உளது. இயங்குமாயின் பலகை நன்றென்க.

2. வேறொரு யூஎஸ்பி விசைப்பலகையை இணைக்க. அதிலும் அதே தவறான எழுத்து வரின், குறை விசையமைப்பினது. அது நன்றாயிருக்க, பயோஸில் இயங்கிய உள்விசைப்பலகை மட்டும் தளத்தினுள் இயங்காதாயின், குறை கருவினது.

3. கடவுச்சொல்லை இடுமுன், கண்ணுக்குத் தெரியும் ஒரு வெற்றேட்டில் அதன் குறிகளை அடித்துப் பார்த்து, உடனே அழிக்க.

4. தளத்தை நிறுவுமுன்னரே, யூஎஸ்பி நினைவகத்தினின்று அதனை இயக்கி விசை, தொடுபலகை, தமிழ் மூன்றையும் சோதிக்க.

கடற்காற்றால் உண்மையிற் பழுதுறுதலும் நம் பகுதியில் உண்டு என்பதை மறத்தல் ஆகாது. காசிமேட்டிலும் எண்ணூரிலும் உப்பீரம் இரும்பையும் செம்பையும் அரிக்கின்றது. அதற்கும் ஓர் அடையாளம் உளது. ஒரே மின்கோட்டைச் சார்ந்த விசைகள் ஒருங்கே செயலற்றுப்போம்; எத்தளத்திலும் பயோஸிலும் அவ்வாறே இருக்கும். அந்நிலையிற் பலகையை இணைக்கும் நாடாவைத் துப்புரவு செய்தலோ பலகையை மாற்றுதலோ வேண்டும். அடையாளம் இன்றி மாற்றுதல் வீண்செலவு.

திருவொற்றியூர் மாணவரிடம் மீள்வாம். பயோஸிற் சென்றோம், விசைகள் யாவும் இயங்கின. வெற்றேட்டைத் திறந்து, கடவுச்சொல்லில் எழுத்துக்களல்லாத குறி ஏதேனும் உண்டோ என்று வினவினோம். உண்டென்றார். மேல்விசையுடன் 2ஐ அழுத்துமாறு கூறினோம். '@' வரவேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோட்குறி வந்து நின்றது. அவர் நகைத்துவிட்டார். விசையமைப்பை அமெரிக்க ஆங்கிலமாக மாற்ற ஒரு நிமிடமும் ஆகவில்லை. மாலைக்குள் விண்ணப்பம் சென்றது. தந்தையாரிடம் அவர் பணம் கேட்கவில்லை.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய அரசினர் திட்டத்தால் இத்தகைய மடிக்கணினிகள் எளிய இல்லங்கள் பலவற்றிற் புகுந்தன. அவற்றுட் பலவற்றில் விண்டோஸோடு, சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தது. அவை இன்று பழையனவாயினும், தக்க தளத்தை இட்டால் கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் போதுவன. பழுதென்று மூலையில் ஒதுக்கிய கணினி தங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ உளதாயின், மாணவர் அதனை எடுத்து, மேற்கூறிய நான்கு சோதனைகளையும் ஒருமுறை செய்து பார்ப்பாராக. தம்பி தங்கையர் ஒருவர்க்கேனும் அது மீண்டும் எழுதுகருவியாகுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் எய்தியதாகும்.