மைதானம் காலி, கல்லா நிறையுமா?

கேள்வி: தூத்தூர் பக்கம் எங்கள் மன்றம் ஆண்டுதோறும் கால்பந்துப் போட்டி நடத்துகிறது. இந்த முறை கூட்டம் சேர்க்காமல், காசு கட்டினால்தான் நேரலை பார்க்கலாம் என்று வைத்தால் லாபம் வருமா? வெளிநாட்டில் குத்துச்சண்டைக்கு அப்படித்தான் கோடிகள் கொட்டுகிறதாமே?

பதில்: கொட்டியது உண்மைதான். 2020 நவம்பர் 28 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் ரசிகர்களே இல்லாத ஸ்டேபிள்ஸ் சென்டரில் மைக் டைசனும் ராய் ஜோன்ஸும் மோதினார்கள். பார்க்கக் கட்டணம் ஏறத்தாழ 50 டாலர். 16 லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொன்னார்கள். ஆனால் அது 54 வயது டைசனின் பழைய பெயருக்கு வந்த காசு.

அதே ஆண்டு மார்ச் 14இல் கோவாவில் ஐஎஸ்எல் கால்பந்து இறுதி ஆட்டமும் காலி மைதானத்தில்தான் நடந்தது. நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜின் ஏடிகே அணி சென்னையின் எஃப்சியை 3–1 என வென்றது. டிக்கெட் காசு போனாலும் அங்கே டிவியும் விளம்பரதாரரும் இருந்தார்கள். உங்களுக்குப் படியளப்பவர்களோ தட்டுக்கடைக்காரரும் பேனர் கட்டும் நகைக்கடைக்காரரும். கூட்டம் இல்லையென்றால் அவர்களும் இல்லை. எனவே உள்ளூர்க் கூட்டத்தை விடாதீர்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு மட்டும் நேரலையை விற்றுப் பாருங்கள்.

கேமரா, இணையம், ஜெனரேட்டர், வர்ணனை எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 50 ரூபாய் என்றால் 600 பேர் கட்டினால்தான் செலவு தேறும். ஆனால் வளைகுடாவில் ஓர் அறையில் ஒருவர் கட்டுவார், எட்டுப் பேர் பார்ப்பார்கள். 2013இல் விஸ்வரூபத்தை டிடிஎச்சில் காட்டக் கமல் ஹாசன் சொன்ன 1,000 ரூபாயும் தலைக்கு அல்ல, டிவிக்குத்தான். திரையரங்குக்காரர்களின் எதிர்ப்பால் அது நடக்காமல் போனது வேறு கதை. நீங்களும் அறைக்கு 200 ரூபாய் என்று வையுங்கள். 150 அறை சேர்ந்தால் போதும்.

செய்ய வேண்டியவை:

• பத்து நாள் முன்பே பணம் வாங்குங்கள். 150 சேராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளம்பரதாரரை வைத்து இலவசமாக விடுங்கள். உங்கள் யூடியூப் சேனலுக்கு சூப்பர் சாட் வசதி இருந்தால், பார்ப்பவர்கள் அதில் கட்டும் காசில் 70 சதவீதம் உங்களுக்கு.

• முதல் சுற்றுகள் இலவசம். அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் கட்டணம்.

• இறுதி ஆட்டம் வெள்ளி இரவு 8 மணிக்கு. துபாயில் அப்போது 6.30, சவூதியில் 5.30.

• மைக்செட்டில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமைச் சிக்கலில் நேரலையே நின்றுபோகலாம். வர்ணனையாளரின் மைக்கை நேராக இணைப்பில் கொடுங்கள். இடைவேளையிலும் பாட்டு வேண்டாம்.

• மறுநாளே முழு ஆட்டத்தையும் இலவசமாக ஏற்றிவிடுங்கள். முடிவு வாட்ஸ்அப்பில் பரவிய பிறகு யாரும் காசு தரமாட்டார்கள். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிக் கரையேறும் மீனவர்களும் பார்ப்பார்கள்.

மைதானத்தில் எத்தனை பேர், நேரலையில் எத்தனை பேர் என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு பேனருக்குக் கூடுதல் காசு கேட்க அந்தக் கணக்கு கையில் இருக்கும்.